யாரும் தொடக்கூடாத கம்பம்

நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டர் பெட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். அதை நீங்கள் எல்லோரும் கேலி செய்வது எனக்குத் தெரியும். "அண்ணே, கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?" என்று உங்களில் ஒருத்தர் கேட்டதும் மற்றவர்கள் சிரித்ததும் என் காதில் விழாமல் இல்லை. ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னமும் வாரத்துக்கு இரண்டு நாள் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு உங்கள் உயிரை வாங்குகிறேன். கிழவன் தொல்லை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் தொட்டுப் பார்க்கிறேன் என்று இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில், என் அலட்சியத்தால் ஓர் அம்மாவின் உயிர் ஒரு கம்பியில் தொங்கியது. அந்த நேரத்தில் நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கிராஃபைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வெப்பம், காற்று, மழை அளக்கும் வெதர் ஸ்டேஷனைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வித்தையை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேபிளைச் செருகுவது, மென்பொருளை ஏற்றுவது, கடிகாரத்தைச் சரிசெய்வது எல்லாம் என்னைவிட நீங்கள் வேகமாகச் செய்கிறீர்கள். இது அதெல்லாம் முடிந்த பிறகு நடந்த கதை.

வாடிக்கையாளர் வரதன் சார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்திரை வீதியை ஒட்டிய பழைய வீடு, நடுவில் முற்றம், ஒரு முழ அகலத்துக்குச் சுவர். ஒரு பாட்டிலும் புனலும் வைத்துக்கொண்டு பல வருஷமாக மழை அளவு குறித்துவந்தவர். முறையாக ஒரு ஸ்டேஷன் வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு எங்களிடம் வந்தார். முதலில் ஒயர்லெஸ் வைத்துப் பார்த்தோம். அந்தச் சுவர்களைத் தாண்டி சிக்னல் வரவே இல்லை. ஆகவே மொட்டை மாடியில் கருவிகளோடு ஒரு கம்பம், அங்கிருந்து கேபிள், முற்றத்தின் ஓரமாக இறங்கி அறைக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு.

"சுவத்துல ஓட்டை போடாதீங்கோ, சுண்ணாம்புச் சுவர், தொட்டா உதிரும்" என்று கேட்டுக்கொண்டார். சரி என்று காலி பெயிண்ட் வாளி ஒன்றில் கான்கிரீட் போட்டு அதில் இரும்புக் குழாயை நட்டேன். பிளாஸ்டிக் வாளியில் நிற்கும் கம்பத்துக்குத் தரையோடு எந்தத் தொடர்பும் கிடையாது. தனியாக எர்த் போட்டிருக்க வேண்டும். கொல்லையில் குழி தோண்டணும், மழை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். கேபிளைச் சுற்றியிருக்கும் கம்பி வலையை மட்டும் கம்பத்தோடு சேர்த்து முறுக்கிவிட்டு இறங்கினேன். அப்போதெல்லாம் நாங்கள் அப்படித்தான் செய்வோம், கேட்பாரும் இல்லை.

கீழே வந்து கம்ப்யூட்டரின் பின்பக்கம் கேபிளைச் செருகக் கையை நீட்டினேன். பெட்டியின் தகடு பட்டதும் சுர்ரென்றது.

"அது அப்படித்தான் இருக்கும். கால் தரையில படப்படாது. அதுக்குத்தான் மணை போட்டிருக்கேன்" என்றார் வரதன் சார்.

பார்த்தால் மேஜைக்கு அடியில் ஒரு மரப்பலகை. தினமும் அதில் காலை வைத்துக்கொண்டுதான் கம்ப்யூட்டரில் உட்காருவாராம். நல்ல ஏற்பாடு என்று பாராட்டிவிட்டு நானும் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு வேலையை முடித்தேன். நம் ஊரில் பாதி வீட்டில் கம்ப்யூட்டரைத் தொட்டால் சுர்ரென்றுதான் இருக்கும். செருப்புப் போட்டுக்கொள்வார்கள், பாய் விரிப்பார்கள், பலகை போடுவார்கள். ஏன் சுர்ரென்கிறது என்று யாரும் கேட்பதில்லை. முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்த நானும் அன்றைக்குக் கேட்கவில்லை. டெஸ்டர் என் வண்டியின் பெட்டியில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது அவர் மனைவி வைதேகி மாமியிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"மாமி, மாடியில இருக்கற கம்பத்தை யாரும் தொடக்கூடாது. லேசா திரும்பினாகூட காத்து திசை தப்பாக் காட்டும்."

"யாருமே தொடப்படாதா?"

"யாருமே."

"வேலைக்கு வரவாளும், பக்கத்தாத்துக் குழந்தைகளும்கூடவா?"

"யாரும் கிட்டயே போகக்கூடாது மாமி. நான் சார்கிட்டயும் கண்டிப்பாச் சொல்லிட்டேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் மாமி. முகத்தில் அப்படி ஒரு திருப்தி. நாம் சொல்வதை இவ்வளவு மரியாதையாகக் கேட்கும் வாடிக்கையாளர் கிடைப்பது அபூர்வம் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு வந்தேன்.

ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. வரதன் சார் தெருவுக்கென்று இருந்த ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலை எட்டு மணிக்கு வெப்பம், காற்று, ஈரப்பதம் எல்லாம் போடுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை. ஒரு நாள் போன் வந்தது, குரலில் கோபம்.

"செல்வம், உங்க மெஷின் என் மானத்தை வாங்கிடுத்து. இன்னிக்குக் காலம்பற ஸ்ரீரங்கத்துல அறுபத்தோரு டிகிரியாம். நான் கவனிக்காம அப்படியே போட்டுட்டேன். எதிராத்து ஆசாமி, 'மாமா, வடாத்தை வெயில்லயே பொரிச்சு எடுத்துடலாமா?'ன்னு கேக்கறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடையில் இருந்தபடியே அவர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பார்த்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே, இப்போது எல்லா வேலையும் நாற்காலியிலிருந்தே முடிகிறது. கிராஃபில் காலை ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவே பல்லுப் பல்லாக ஒரு குதிப்பு. வெப்பம் ஏறுகிறது, இறங்குகிறது, காற்று ஒரேயடியாகப் பூஜ்யம் ஆகிறது. எட்டரைக்கு எல்லாம் சரியாகிவிடுகிறது. தினமும் அதே நேரம். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு.

தினமும் ஒரே நேரத்தில் வரும் கோளாறு மெஷினின் கோளாறு இல்லை, மனுஷர்களின் கைவேலை. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இந்தப் பாடத்தை உங்களுக்கே நான் நூறு தடவை எடுத்திருக்கிறேன். காலை ஏழரை மணிக்கு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இல்லையென்றால் ஸ்ரீரங்கம் போய் இருபத்திரண்டு படி ஏறிப் பார்த்திருந்தால் போதும். அன்றைக்கு எனக்குத் துறையூரில் இரண்டு தோட்டத்தில் வேலை, மறுநாள் உறையூரில் ஒரு பள்ளிக்கூடம். கேபிளைத் திருப்பிச் செருகச் சொன்னேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னேன். நிற்கவில்லை. அவர் விடாமல் தினமும் காலையில் கூப்பிட்டார். கணக்கு வாத்தியார் அல்லவா, நிமிஷக் கணக்கு வைத்துக்கொண்டு, "இன்னிக்கு ஏழு முப்பத்தெட்டுக்கு ஆரம்பிச்சுது" என்பார். எனக்கு எரிச்சல் மண்டியது.

கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். மென்பொருளில் ஒரு வசதி உண்டு. ஓர் அளவு திடீரென்று குதித்தால் அதைத் தள்ளிவிட்டு, முந்தைய அளவையே இழுத்துக் கோடு போட்டுவிடும். அதை முடுக்கிவிட்டேன். மறுநாள் வரதன் சார் போன் செய்து, "அபாரம் செல்வம், வெண்ணெய் மாதிரி போறது" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஐப்பசி மழைக்கு முன்னால் மழைமானியைச் சுத்தம் செய்துதர ஒரு நாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். ஏழரை இருக்கும். வீட்டில் புதிதாக இன்வெர்ட்டர் போட்டிருந்தார்கள். "ஒம்பது நாளாச்சு, கரண்ட் போனாலும் உங்க ஸ்டேஷன் நிக்காது" என்று காட்டினார். மாமி ஈரத்துணியை வாளியில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க்கொண்டிருந்தார். கையில் ஒரு நீளமான மூங்கில் கோல்.

"அவ மடி உலர்த்திட்டு வரட்டும். அதுவரைக்கும் நாம மேல போகப்படாது. வாங்கோ, கிராஃபைப் பாக்கலாம்" என்றார் வரதன் சார்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த வீட்டில் பெருமாளுக்குத் தளிகை, அதாவது சமையல், செய்கிறவர் குளித்துவிட்டு மடித்துணிதான் உடுத்துவார். துவைத்து உலர்த்திய பிறகு அந்தத் துணியை வேறு யாரும் தொடக்கூடாது. தொட்டால் மடி போச்சு, சுத்தம் கெட்டது. அதனால் அதை எட்டாத உயரத்தில், கோலால் தூக்கித்தான் கொடியில் போடுவார்கள். எனக்கு இது தெரியும். அந்தக் கொடி எங்கே கட்டியிருக்கிறது என்பதுதான் தெரியாது.

நாங்கள் இருவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். அவர் காலும் பலகை மேல், என் காலும் பலகை மேல். வெப்பம் அழகாக ஏறிக்கொண்டிருந்தது. காற்று சீராக இருந்தது. ஒரு பிசிறு இல்லை.

"பாருங்கோ, எப்படி இருக்கு! முன்னல்லாம் இந்த நேரத்துக்குக் கூத்தாடும்" என்றார்.

முற்றத்தில் தடாலென்று ஏதோ விழுந்தது. எட்டிப் பார்த்தோம். மாமியின் மூங்கில் கோல். மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே விழுந்திருந்தது.

"காத்துல நழுவிடுத்து போல. நான் எடுத்துக் குடுக்கப்படாது, மடிக்கோல். அவளே வருவா" என்றார்.

அவர் பேச்சில் தவறு ஒன்றும் இல்லை. நாங்கள் மறுபடியும் திரையைப் பார்த்தோம். மாமி வரவில்லை. மேலே இருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. கூப்பிடுகிற சத்தம் இல்லை. வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே இழுக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல், ஙேஏஏ என்று ஒரே சுருதியில்.

"பாசுரம் சேவிக்கறா" என்றார் வரதன் சார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சத்தத்தை நான் வாழ்க்கையில் ஒரு முறை கேட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் அரியமங்கலத்தில் ஒரு பட்டறை, அங்கே வெல்டிங் மெஷினில் ஒருவர் ஒட்டிக்கொண்டார். மனுஷன் கத்த முடியாது, தாடை இறுகிவிடும், உள்ளேயிருந்து அந்த இழுவை மட்டும்தான் வரும். கண் முன்னால் கிராஃப் வெண்ணெயாகப் போய்க்கொண்டிருக்கிறது, காதில் அந்தச் சத்தம் விழுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க என் மூளை ஒரு நொடி மறுத்தது. அந்த ஒரு நொடியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சுவரில் இருந்த ஸ்விட்சை அடித்தேன். திரை கறுத்தது. கரண்ட் போய்விட்டது, பிழைத்தார் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். முற்றத்தைத் தாண்டும்போது அந்தக் கோலைக் குனிந்து எடுத்தேன். அரியமங்கலத்தில் அன்றைக்கு அந்த ஆளைக் காப்பாற்றிய பெரியவர் ஒருவர் எங்களிடம் சொன்னது ஒன்று உண்டு. "ஆஃப் பண்ணிட்டேன்னு நீயே நினைச்சாலும் கையில கட்டை இல்லாம கிட்ட போகாதே" என்பார். அது மண்டையில் எங்கேயோ கிடந்திருக்கிறது. பின்னாலேயே வந்த வரதன் சார், "அது மடி..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். என் கம்பத்தின் நடு உயரத்திலிருந்து எதிரே இருந்த மாடிக் கொட்டகையின் மரச்சட்டம் வரைக்கும் விறைப்பாக ஒரு கம்பிக்கொடி. அதில் ஈரப் புடவை பாதி தொங்கிக்கொண்டிருந்தது. மாமி ஒரு மர முக்காலியின் பக்கத்தில், ஈரத் தரையில் வெறுங்காலோடு, வலது கையால் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கண்கள் திறந்திருந்தன. எங்களைப் பார்த்தார். அந்தச் சத்தம் நிற்கவில்லை.

ஸ்விட்சை அணைத்துவிட்டேன். திரை கறுத்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்படியும் கம்பியில் கரண்ட் இருக்கிறது! இது எப்படி முடியும் என்று நான் நின்ற நேரத்தில் வரதன் சார் என்னைத் தாண்டிக்கொண்டு, "வைதேகி!" என்று கையை நீட்டி ஓடினார். தொட்டிருந்தால் இருவரும் போயிருப்பார்கள். நான் கோலைக் குறுக்கே போட்டு அவர் மார்பில் தள்ளினேன். எழுபது வயது மனுஷரைத் தள்ளினேன், அவர் சுவரில் மோதி உட்கார்ந்தார்.

பிறகு கோலின் உலர்ந்த முனையைப் பிடித்துக்கொண்டு மாமியின் முன்கையில் கீழிருந்து அடித்தேன். விரல்கள் விடவில்லை. பெருமாளே என்று கத்தியபடி இரண்டாவது தடவை முழு பலத்தோடு ஓங்கி அடித்தேன். கை விட்டது. மாமி அப்படியே சரிந்து விழுந்தார். சத்தம் நின்றது.

அந்த அமைதிதான் அந்தச் சத்தத்தைவிட மோசமாக இருந்தது. வரதன் சார் தவழ்ந்து வந்து அவர் தலையை எடுத்து வைத்துக்கொண்டார். நான் மூக்கருகே விரலை வைத்தேன். ஒன்றும் இல்லை. பிறகு இருந்தது. பெரிய மூச்சாக ஒன்று வந்தது, அதன் பின்னால் இன்னொன்று வந்தது. மாமி கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார்.

"கோலைத் தொட்டுட்டேளா?" என்றார்.

நான் அழுதுவிட்டேன். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதயத்துடிப்பை ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, பயம் இல்லை என்றார்கள். உள்ளங்கையில் ஒரு கோடாகத் தீய்ந்திருந்தது. நான் அடித்த இடம்தான் அதைவிடப் பெரிதாக வீங்கியிருந்தது.

மத்தியானமே திரும்பி வந்து, வண்டிப் பெட்டியிலிருந்து டெஸ்டரை எடுத்தேன். நடந்தது இவ்வளவுதான். அந்தக் கம்ப்யூட்டர் பாயிண்டில் எர்த் ஒயர் தரைக்குப் போகவே இல்லை. எப்போதோ ஒருவர், எர்த்தையும் நியூட்ரலையும் உள்ளுக்குள்ளேயே சேர்த்துக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். இன்வெர்ட்டர் வரும்வரைக்கும் அது வெறும் சுர்ர்தான்; காலையில் கொடியில் போட்ட ஈரத்துணியின் நுனி தரையில் படும்போது அதுவே கேபிள் வழியாகக் கசிந்து அளவுகளைக் குதிக்கவைத்திருக்கிறது. ஒன்பது நாளுக்கு முன்னால் இன்வெர்ட்டர் மாட்டியவர் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். அந்த நிமிஷத்திலிருந்து கம்ப்யூட்டர் பெட்டியின் உடம்பு முழுக்க வீட்டுக் கரண்ட். பெட்டியிலிருந்து என் கேபிள் வழியாக என் கம்பத்துக்கு, கம்பத்திலிருந்து மாமியின் கொடிக்கு. ஸ்விட்ச் ஒரு ஒயரைத்தான் வெட்டும், கரண்ட் வந்ததோ மற்ற ஒயரில். ஸ்விட்சை நம்பாமல் பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். கம்பத்துக்கு எர்த் போட்டிருந்தால் முதல் நாளே ஃபியூஸ் போயிருக்கும். கீழே கால் வைத்த இடத்தில் பலகை இருந்ததால் வரதன் சாருக்கு ஒன்றும் தெரியவில்லை. மேலே மூங்கில் கோல் இருந்ததால் மாமிக்கும் தெரியவில்லை. கோல் கீழே விழுந்த அன்று, இறங்கி வர அலுத்துக்கொண்டு முக்காலியில் ஏறிக் கையாலேயே புடவையை இழுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். இறங்கும்போது தடுமாறிக் கம்பியைப் பிடித்துவிட்டார்.

இன்வெர்ட்டர்காரரைத் திட்டலாம், எர்த்தைக் கட்டியவரைத் திட்டலாம். நானும் திட்டினேன், வாய் ஓயும்வரை திட்டினேன். பாயிண்டைப் பிரித்து ஒழுங்காக ஒயரிங் செய்து, கொல்லையில் குழி தோண்டி எர்த் போட்டு, மெயினில் கரண்ட் கசிந்தால் தானாக விழும் ஸ்விட்ச் ஒன்றும் வைத்தோம். அதெல்லாம் முடிந்த பிறகு நாலாம் நாள் மாமியைப் பார்க்கப் போனேன். உண்மையில் என்னை உலுக்கியது அன்றைக்குத்தான்.

மாமி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார், கையில் கட்டு. நான் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்கங்க மாமி" என்றேன்.

"நீங்க என்ன பண்ணுவேள்? கொடி கட்டினது நான்தானே" என்றார். பிறகு, "ஆனா நீங்கதானே சொன்னேள், அந்தக் கம்பத்தை யாரும் தொடமாட்டா, கிட்டயே வரமாட்டான்னு. பழைய கொடி வேலைக்காரி தலையில இடிக்கும், பக்கத்தாத்துக் குழந்தைகள் வந்து இழுக்கும். மடிக்கு இதைவிட நல்ல இடம் எங்க கிடைக்கும்னுதான் அதுல கட்டினேன்" என்றார்.

குற்றம் சாட்டும் குரலே இல்லை. ஏன் கட்டினேன் என்று விளக்கம் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. யாரும் தொடக்கூடாது என்று நான் எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறேன்! அதைக் கேட்கிறவர் காதில் அது என்னவாக விழுகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது நான் எந்த வீட்டிலும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. "இதுல துணி காயப்போடுவீங்களா, காக்காய்க்குச் சோறு வைப்பீங்களா, என்ன கட்டுவீங்க?" என்று கேட்கிறேன். கேட்டால்தான் அவர்கள் உண்மையைச் சொல்கிறார்கள். பெட்டி சுர்ரென்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பதும் அன்றிலிருந்துதான்; புறங்கை என்றால் விரல்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளாது.

வரதன் சார் என்னைக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைக்கு அடியில் பலகை இல்லை, எடுத்துவிட்டிருந்தார். "அந்தப் பழைய குதிப்பெல்லாம் எங்க போச்சு? அன்னிக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே காட்டலை?" என்று கேட்டார். கணக்கு வாத்தியாரிடம் மறைக்க முடியாது. மென்பொருள் தள்ளிவிட்ட அளவுகளை ஒரு தனிக் கோப்பில் போட்டு வைக்கும். நான் அதைத் திறந்ததே இல்லை. அன்றைக்குத் திறந்தேன்.

வரிசையாக வந்தது. தேதி, நேரம், அளவு, பக்கத்தில் 'ரிஜெக்டட்' என்ற ஒரே சொல். ஏழு முப்பத்தெட்டு, ஏழு நாற்பது, ஏழு முப்பத்தைந்து. ஒவ்வொரு காலையும் மாமி ஈரத்துணி போட்ட நேரம் அப்படியே பதிவாகியிருந்தது. வரதன் சார் விரலை வைத்துக்கொண்டு கீழே வந்தார். ஐம்பது, அறுபது என்று போய்க்கொண்டிருந்த அளவுகள் ஓரிடத்தில் நூற்றுக்கணக்கில் எகிறின. விரல் அங்கே நின்றது.

"அதுக்கு முதல் நாள்தான் இன்வெர்ட்டர் மாட்டினான்" என்றார் மெதுவாக.

அதற்குப் பிறகு ஒன்பது காலைகள். ஒன்பதும் ரிஜெக்டட். அந்த வசதியை நான் முடுக்காமல் விட்டிருந்தால், முதல் காலையிலேயே ஸ்ரீரங்கத்தில் நானூறு டிகிரி என்று காட்டியிருக்கும். தெருவே சிரித்திருக்கும். வரதன் சார் என்னைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பார். நானும் வேறு வழியில்லாமல் படியேறியிருப்பேன். கோப்பின் கடைசியில் இரண்டு வரிகள் இருந்தன. ஏழு நாற்பத்தொன்று, ஏழு நாற்பத்திரண்டு. அதோடு முடிந்துவிட்டது, நான் ஸ்விட்சை அணைத்த நேரம் அது.

மாமி எழுந்து வந்து வாசல்படியில் நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

"என்ன போட்டிருக்கு அதுல?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீங்க கம்பியைப் பிடிச்ச நேரம் மாமி. இதோ, இந்த வரி."

மாமி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "அப்போ மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

"தெரிஞ்சிருந்துச்சு மாமி. நான்தான் அதை வாயைத் திறக்கவிடல."

மாமி கட்டுப் போட்ட கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.